செலீனா விழுந்த இடம்

ஐஸ் பிடித்த காலைகளில் அந்த ஓரிடத்தில் மட்டும் மணல் இருப்பதில்லை.

முதலில் ஸ்ரனிஸ்லாஸ் அதைக் காற்றின் வேலை என்றுதான் எடுத்துக்கொண்டார். டென்மார்க்கின் இக்காஸ்டைச் சுற்றியுள்ள இந்தத் தட்டை நிலத்தில் காற்றுக்குக் குறைவில்லை. குப்பைத்தொட்டியின் மூடியைக் கழற்றிப் பக்கத்து வளவுக்குக் கொண்டுபோய் வைக்கிற காற்று. மாலையில், இருட்டு விழுந்த கையோடு, கராஜுக்குள் இருந்து வாளியில் மணல் அள்ளி, வாசல் படலையில் தொடங்கி வேலி முடியும் மூலை வரைக்கும் கையால் விசிறிக்கொண்டு போவார். விடிய எழுந்து வாசல் விளக்கைப் போட்டுப் பார்த்தால் மணல் போட்டது போட்டபடி கிடக்கும். மூலைக்கு நாலு எட்டு முன்னால் மட்டும், ஓர் ஆள் படுத்து எழும்பிய அளவுக்கு, ஐஸ் கறுப்பாக மினுங்கும். யாரோ உள்ளங்கையால் வழித்துவிட்டதுபோல விளிம்பில் மணல் ஒதுங்கிக் கிடக்கும்.

ஒருநாள் இரண்டு மடங்கு போட்டார். இன்னொருநாள் ஈர மணலைப் போட்டு, உறைந்து ஒட்டிக்கொள்ளட்டும் என்று சப்பாத்தால் மிதித்தும் விட்டார். விடியப் பார்த்தால் அதே அளவு, அதே இடம். ஐஸ் இல்லாத நாட்களில் மணல் அசையவில்லை. கூரை ஓடு பறந்த நாளிலும் அசையவில்லை. அதுதான் அவருக்குப் பயத்தைத் தந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அந்த இடத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். சென்ற ஜனவரியில் அவருடைய மனைவி செலீனா அந்த இடத்தில்தான் விழுந்தாள். அங்கேதான் விழுந்தாள் என்று தெரிந்த மனிதர் இப்போது உலகத்தில் ஒருவர்தான். அம்புலன்ஸ்காரரின் அறிக்கையில், நகரசபையின் கோப்பில், சொந்த மகளின் மனதில்கூட, செலீனா விழுந்தது மூலைக்கு அந்தப் பக்கம்.

இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்த நாட்டில் இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் போகும் நடைபாதை வீட்டுக்காரரின் பொறுப்பு. காலை ஏழு மணியில் இருந்து இரவு பத்து மணி வரை பனியை வழிக்க வேண்டும். ஐஸ் என்றால் உப்போ மணலோ போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குத் தொடங்கலாம். கடவுளுக்காகக் கொடுத்த ஒரு மணித்தியாலம் என்று செலீனா சொல்லிச் சிரிப்பாள். வேலி முடிகிற மூலையில் ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறது. கம்பத்துக்கு அப்பால் பஸ் தரிப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற ஒடுங்கிய பாதை. அது நகரசபையுடையது; இங்கே அதைக் கொம்யூன் என்பார்கள். நகரசபையின் குளிர்கால வரைபடத்தில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறம். சிவப்பு என்றால் விடிய ஆறு மணிக்குள் உப்புப் போட்டு முடிந்திருக்க வேண்டும். பச்சை என்றால் நேரம் கிடைத்தால் போடுவார்கள். நிறமே இல்லாத வீதிகளில் இருப்பவர்கள் வெயிலை நம்பி இருக்க வேண்டியதுதான். செலீனா வேலைக்குப் போகிற பாதை சிவப்பு. அதற்கு உப்புப் போடுகிறவன் ஜோன்சன்.

ஜோன்சனும் அவர்களைப்போல மன்னார்ப் பிள்ளைதான். கோடையில் நகரசபைக்குப் புல் வெட்டுவான். குளிர் தொடங்கினால் ஒப்பந்தம் எடுத்துத் தன் சின்ன டிரக்டரில் பாதைகளுக்கு உப்புப் போடுவான். மூன்று மணிக்கு நகரசபை தொலைபேசியில் கூப்பிட்டால் மூன்றரைக்கு டிரக்டரில் இருப்பான். அவன் போன வழி இருட்டிலும் தெரியும். ஐஸின் மினுக்கம் செத்து, பாதை சேறு பூசினதுபோல மங்கிக் கிடக்கும்.

ஸ்ரனிஸ்லாஸ் உப்புப் போடுவதில்லை. எப்போதும் மணல்தான். டேனிஷ்காரருக்கு விளங்கப்படுத்த முடியாத காரணம் ஒன்று அவரிடம் இருந்தது. அவருடைய தகப்பன் உப்பளத்தில் கூலிக்கு நின்றவர். குவித்த உப்பில் பிள்ளைகள் கால் வைத்தால், வைத்த காலிலேயே அடி விழும். அந்தக் காலத்து ஞானஸ்நானத்தில் குழந்தையின் நாக்கில் பங்குச் சுவாமி தொட்டு வைத்த பொருள் அது. அதைத் தெருவில் கொட்டி நாயும் மனிசரும் மிதிக்க விடுவதா? முப்பத்தைந்து வருடம் இங்கே தையல் ஆலையிலும் பிறகு கதவுத் தொழிற்சாலையிலும் உழைத்து, வினாகிரியில் ஊறிய மீனைப் பாணில் வைத்துத் தின்னவும் பழகியவருக்கு இது ஒன்று மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

"அப்ப ஏன் ஜோன்சன் போட்ட உப்பில நடந்து பஸ்ஸுக்குப் போறியள்? அது பாவமில்லையோ?" என்று செலீனா கேட்பாள்.

"அது கொம்யூன்ர உப்பு. பாவமும் கொம்யூன்ர."

"நல்ல ஞானோபதேசம். இருங்கோ, சுவாமியிட்டச் சொல்லிக் குடுக்கிறன்."

ஒருநாள் அவளே கடையில் பத்துக் கிலோ உப்புப் பை ஒன்றை வாங்கிவந்து கராஜில் வைத்தாள். அவர் அதன்மேல் பழைய கார் ரயர்களை அடுக்கினார். சண்டை பிடிக்கவில்லை. கலியாணம் முடித்து முப்பது வருடம் தாண்டினவர்கள் ரயரால்தான் பேசிக்கொள்வார்கள்.

அந்த ஜனவரி மாலையில் தொலைக்காட்சியில் எச்சரிக்கை சொன்னார்கள். இரவு மழை பெய்யும், நிலத்தில் பட்டதும் உறையும், தேவையில்லாமல் வெளியே போக வேண்டாம். செலீனா அடுத்த நாளுக்குச் சப்பாத்தை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு மட்டும் உப்பைப் போடுங்கோவன்."

"மணல் போட்டாச்சு. நாலு மணிக்கே போட்டாச்சு."

"போட்டது தெரியும். மழை பெய்தால் அது அடியில போயிடும். மேல கண்ணாடிதான் கிடக்கும்."

"ஏழு மணிக்குத் திரும்பப் போடுறன்."

"நான் போறது ஆறு மணிக்கு" என்றாள் செலீனா.

முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் அவளுக்கு வேலை. காலைக் கஞ்சிக்கு அடுப்பை மூட்டுவது அவள்தான். ஆறு ஐந்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஸ்ரனிஸ்லாஸ் குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார். கூக்குரல் எதுவும் கேட்கவில்லை. நிறைந்த வாளி ஒன்றை நிலத்தில் வைத்ததுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வீட்டுச் செருப்போடு ஓடினார். படலைக்கு வெளியே முதல் எட்டிலேயே விழுந்தார். எழுந்தார், திரும்பவும் விழுந்தார். காலுக்குக் கீழே தன் மணலை அவரால் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு மணியும் தெளிவாக, கண்ணாடிக்கு அடியில் வைத்ததுபோலத் தெரிந்தது. முழங்காலில் தவழ்ந்து போனார். செலீனா மூலைக்கு நாலு எட்டு முன்னால் மல்லாந்து கிடந்தாள். தலை நடைபாதை ஓரக் கல்லில். கண் திறந்திருந்தது. அவளைத் தூக்க முயன்று அவளுக்குப் பக்கத்திலேயே விழுந்தார். நிற்க இடமில்லை, நிற்க முடியாமல் எப்படித் தூக்குவது? விளக்குக் கம்பத்துக்கு அப்பால் பாதை மங்கிக் கிடந்தது. அங்கே உப்பு இருந்தது. அவளுடைய கோட்டைக் கக்கத்தடியில் பிடித்து, முழங்காலில் பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து, அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். உப்பில் வந்ததும் காலை ஊன்றினார். கால் நின்றது. அங்கே நின்றுதான் உதவிக்குக் கத்தினார்.

அம்புலன்ஸ்காரர் அவளை எடுத்தது அந்த இடத்தில் இருந்து. நகரசபைப் பாதையில் விழுந்து கிடந்தார் என்று எழுதினார்கள். வண்டிக்குள் ஏற்றும்போது அவளுடைய கண் மூடியது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் வைத்திருந்தார்கள், பிறகு திறக்கவேயில்லை.

முதல்நாளே வைத்தியர் கேட்டார்: "யாராவது அவரை அசைத்தார்களா?" தலையில் அடிபட்டவரை அசைக்கக்கூடாது என்பது ஸ்ரனிஸ்லாஸுக்கு அந்தக் கேள்வியில்தான் உறைத்தது. "இல்லை" என்றார். மகள் நிறோஷினி பக்கத்தில் நின்றாள். "அம்மா ஏதும் கதைச்சவவோ?" என்று அவள் கேட்டபோது அதற்கும் இல்லை என்றார். அறிவில்லாமல் கிடந்தாள் என்றார். முதலாவது இல்லையைக் காப்பாற்ற இரண்டாவது இல்லை தேவைப்பட்டது.

நிறோஷினிக்கு முப்பது வயது, ஒரே பிள்ளை. கோல்டிங்கில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. தாயை அடக்கம் செய்து இரண்டாம் மாதம் அவள் நகரசபைக்கு முறைப்பாடு எழுதினாள். சிவப்புப் பாதை, ஆறு மணி கடந்துவிட்டது, ஐஸில் வழுக்கி ஒருவர் இறந்திருக்கிறார். உப்புப் போடப்பட்டதா? பதில் வந்தது. அன்று விடிய ஐந்து இருபதுக்கு டிரக்டர் அந்தப் பாதையால் போனது பதிவாகியிருக்கிறது. ஆனால் உப்பு விசிறும் கருவி அந்தத் துண்டில் எதையும் பதியவில்லை. ஒப்பந்தக்காரர் போட்டதாகச் சொல்கிறார். விசாரணை முடியும்வரை அவருடைய ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

"எனக்குக் காசு வேண்டாம் அப்பா" என்றாள் நிறோஷினி. "ஒருத்தர் பிழை விட்டது எண்டு வாயால சொல்லவேணும். சும்மா விழுந்து செத்தவ எண்டு விட ஏலாது."

அவர் தலையை ஆட்டினார். அவள் அழுதாள். அழுகிற பிள்ளைக்கு முன்னால் ஆட்டிய தலையை எப்படித் திருப்பி எடுப்பது?

கோடை போயிற்று. குளிர்காலம் திரும்பி வந்தது. இந்த முறை அந்தப் பாதைக்கு வேறு ஊரிலிருந்து யாரோ ஒருவர் வந்து உப்புப் போட்டார். ஸ்ரனிஸ்லாஸ் மணலையே போட்டார். இப்போது உப்புக்கு மாற அவருக்குத் தயக்கமில்லை. உப்பின் மேலிருந்த பக்தியெல்லாம் அந்தக் காலையிலேயே போய்விட்டது. ஆனால் மாறினால் மகள் ஏன் என்று கேட்பாள். அயலவர் பார்ப்பார்கள். உப்பை எடுத்த கை எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆகையால் மணல்தான். அந்த மணலை யாரோ ஐஸ் பிடித்த ஒவ்வொரு விடியலிலும் வழித்து விட்டுக்கொண்டிருந்தார்கள்.

செலீனாவின் வருடப் பூசை ஜனவரி இரண்டாம் ஞாயிறு, பக்கத்து ஊரான ஹெர்னிங்கின் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசையோடு நடந்தது. பூசை முடிந்து பக்கத்து மண்டபத்தில் பற்றீசும் தேத்தண்ணியும். கோட்டு மாட்டுகிற இடத்தில் ஜோன்சன் அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றான். நாற்பத்தைந்து வயதுக்காரன், ஒரு வருடத்தில் மெலிந்து சட்டைக் கழுத்து தொளதொளத்துவிட்டது.

"அண்ணை, ஒரு நிமிசம். புதன்கிழமை இடத்தைப் பாக்கக் கொம்யூனால ஆள் வருது, தெரியும்தானே?"

"ஓம். பத்து மணிக்காம்."

"என்னையும் வரச் சொல்லியிருக்கினம்." ஜோன்சன் கையிலிருந்த தொப்பியைச் சுற்றினான். "நான் போட்டனான் அண்ணை. மெசின் பதியேல்லை எண்டால் நான் என்ன செய்ய? உங்கட மூலையில எப்பவும் ஒருக்கா நிப்பாட்டி, கூடப் போடுறனான். அக்கா ஒருநாள் என்னை மறிச்சு, டேய், உன்ர மனுசி கறிக்குப் போடுற அளவில ரோட்டுக்குப் போடாத, எனக்கு வயசு போயிட்டுது எண்டு பகிடி விட்டவ. அதுக்குப் பிறகு ஒரு நாளும் நான் அந்த மூலையை விட்டதில்லை."

அவனுடைய மனைவி மாக்கிரட் இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வந்தாள். ஒன்றை ஸ்ரனிஸ்லாஸின் கையில் கொடுத்தாள்.

"இவர் படுக்கிறேல்லை அண்ணை" என்றாள். "மூண்டு மணிக்கு எழும்பி ஜன்னலடியில நிக்கிறார். ஃபோன் அடிக்காதெண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டு நிக்கிறார். முந்தி, நான் போட்டனான் மாக்கிரட், நான் போட்டனான் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்ச மனுசன் இப்ப என்னட்டக் கேக்கிறார், நான் போட்டனானோ எண்டு. கட்டில்ல கிடந்த எனக்கு என்ன தெரியும்?"

"நீ சும்மா இரு" என்றான் ஜோன்சன்.

"ஏன் இருக்க? கேளுங்கோ அவரிட்ட. அவர்தானே அங்க நிண்டவர்."

ஜோன்சன் நிமிர்ந்து ஸ்ரனிஸ்லாஸின் முகத்தைப் பார்த்தான். "ஓம் அண்ணை, அதைத்தான் கேக்க வந்தனான். உங்கட காலுக்குக் கீழ உப்பு இருந்ததோ? இல்லை எண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. நான்தான் அக்காவைக் கொண்டனான் எண்டால் நான் தாங்குவன். தெரியாமல்தான் இருக்க ஏலாமல் கிடக்கு."

இதோ, வாயைத் திறந்தால் போதும். மண்டபத்தின் மறுபக்கத்தில் நிறோஷினி தாயின் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இருட்டு, ஜோன்சன்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "எனக்கு ஞாபகமில்லை."

மாக்கிரட் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். "ஞாபகமில்லையோ? சரி. இப்பதான் பூசையில நன்மை வாங்கின வாயால சொல்லுறியள். நம்பத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு, அவர் குடித்து முடிக்காத கோப்பையைக் கையில் இருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் தூறல். மாலையில் வானம் வெளித்து, குளிர் இறங்கியது. நிறோஷினி வேலை முடிந்து நேரே காரில் வந்திறங்கினாள். தகப்பன் மணல் விசிறுவதைப் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நிறையப் போடுங்கோ அப்பா, நாளைக்கு அவை வந்து எங்களைப் பிழை சொல்லக்கூடாது" என்றாள். அவர் நிறையப் போட்டார். மூலைக்கு நாலு எட்டு முன்னால், வாளியைக் கவிழ்த்தே கொட்டினார்.

விடிய ஆறு மணிக்கு அவர் குசினியில் இருந்தார். விளக்குப் போடவில்லை. ஆறு ஐந்து கடந்திருக்கும், வெளியே அந்தச் சத்தம் தொடங்கியது. வறட்டுக் கையால் மேசையில் சிந்திய அரிசியைக் கூட்டி எடுப்பதுபோல, சர்... சர்... என்று, அவசரமில்லாத சத்தம். கொஞ்சம் நிற்கும். பிறகு தொடங்கும். செலீனா எந்த வேலையையும் அப்படித்தான் செய்வாள், நடுவில் நிறுத்தி, பார்த்து, பிறகு தொடர்ந்து. ஸ்ரனிஸ்லாஸ் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்தார்.

நிறோஷினி போர்வையைச் சுற்றிக்கொண்டு கதவடியில் வந்து நின்றாள்.

"ஆர் அப்பா வெளியில கூட்டுறது?"

தனக்கு மட்டும் கேட்கிற சத்தம் என்று இந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் அதைத் தாங்கிக்கொண்டிருந்தார். இப்போது அந்த ஆறுதலும் போயிற்று.

அவள் ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினாள். சத்தம் நின்றது. "ஒருத்தரும் இல்லை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஒருத்தரும் இல்லை, என்ன?" என்று திரும்பவும் கேட்டாள்.

பத்து மணிக்கு நகரசபையின் வண்டி வந்தது. வீதிப் பகுதியில் இருந்து வந்த பெண் தன் பெயரை ஹன்னெ என்று சொல்லிக் கை கொடுத்தாள். ஐம்பது வயதிருக்கும், செம்மஞ்சள் மேற்சட்டை, கையில் கோப்பு, தோளில் அளவுநாடா. ஜோன்சன் முன்கூட்டியே வந்து விளக்குக் கம்பத்துக்கு அந்தப் பக்கம், பாதையின் ஓரத்தில் தனியே நின்றான். நிறோஷினி அவனுக்கு வணக்கம் சொல்லவில்லை. ஹன்னெயோடு டேனிஷில் வேகமாகக் கதைத்துக்கொண்டே நடந்தாள். எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், அம்புலன்ஸ் எங்கே நின்றது, எல்லாம் அவளுக்குப் பாடம்.

ஹன்னெ அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே படலையில் இருந்து மூலையை நோக்கி வந்தாள். சப்பாத்துக்கு அடியில் மணல் நறநறத்தது. திடீரென்று நின்றாள்.

"மற்ற எல்லா இடமும் நன்றாகப் போட்டிருக்கிறீர்கள்" என்றாள். "இங்கே மட்டும் ஏன் போடவில்லை?"

நிறோஷினி குனிந்து பார்த்தாள். ஜோன்சனும் கம்பத்தடியில் இருந்து இரண்டு எட்டு கிட்ட வந்து பார்த்தான். ஐஸ் கறுப்பாக, சுத்தமாக, ஓர் ஆளின் நீளத்துக்குக் கிடந்தது. விளிம்பில் மணல் விரல்தடிப்பில் ஒதுங்கியிருந்தது.

"அப்பா, நேற்று இதிலதானே வாளியோட கொட்டினீங்கள்? நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

மூன்று பேருக்கும் தெரிந்தது. அவருடைய கண்ணின் பிழை இல்லை. ஸ்ரனிஸ்லாஸ் இவ்வளவு நாளும் அதைத் தன்னைப் பயமுறுத்த வந்த காரியம் என்று எண்ணியிருந்தார். இப்போது, பகல் வெளிச்சத்தில், மகளும் ஜோன்சனும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, அதில் கோபம் எதுவும் இருப்பதாக அவருக்குப் படவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒருத்தி கடைசியில் தானே செய்து வைத்த வேலைபோல இருந்தது.

"என் மனைவி இங்கேதான் விழுந்தாள்" என்று அவர் டேனிஷில் சொன்னார். "அங்கே இல்லை."

"அப்பா?"

"இங்கே. தலை இந்தக் கல்லில். நான் மணல் போட்டிருந்தேன், அதன்மேல் ஐஸ் பிடித்திருந்தது. நான் நிற்க முடியாமல் விழுந்தேன். அவளைத் தூக்க முடியவில்லை. அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே உப்பு இருந்தது. அங்கே நிற்க முடிந்தது."

அவருடைய டேனிஷ் எப்போதும் அப்படித்தான், சின்னச் சின்ன வசனங்கள். அந்த விடயத்துக்கு அதற்குமேல் தேவையிருக்கவில்லை. பிறகு ஜோன்சனைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"நீ போட்டனீ, தம்பி. நல்லாப் போட்டிருந்தனீ. என்ர கால் வழுக்கவேயில்லை. அண்டைக்குக் கோயில்ல உன்னட்டப் பொய் சொன்னனான்."

ஜோன்சன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றான், தூரத்தில் இருந்து ஓடி வந்தவன் மூச்சு வாங்குவதுபோல. குனிந்தபடியே தலையை மட்டும் இரண்டு மூன்று தரம் ஆட்டினான்.

ஹன்னெ கோப்பைத் திறந்தாள், எழுதினாள், அளந்தாள். கம்பத்தில் இருந்து கறுப்பு ஐஸின் விளிம்பு வரை இரண்டு மீற்றர் எழுபது. எழுதி முடித்துவிட்டுத் தன் குரலைத் தாழ்த்தினாள். "ஆறு மணி ஐந்து நிமிடம் என்கிறீர்கள். வீட்டுக்காரரின் கடமை ஏழு மணிக்குத்தான் தொடங்குகிறது. சட்டப்படி உங்கள்மேல் எதுவும் இல்லை."

அன்பாகத்தான் சொன்னாள். ஸ்ரனிஸ்லாஸ் நன்றி சொன்னார். சட்டத்துக்கு ஏழு மணி. அவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

"முறைப்பாட்டை..." என்று ஹன்னெ மகளைப் பார்த்துத் தொடங்கினாள்.

"திருப்பி எடுக்கிறேன்" என்றாள் நிறோஷினி. "இன்றைக்கே எழுதி அனுப்புகிறேன். அவருடைய ஒப்பந்தத்தை நீங்களும் இன்றைக்கே பாருங்கள்." ஜோன்சனிடம் போனாள். அவனோடு என்ன கதைத்தாள் என்று ஸ்ரனிஸ்லாஸுக்குக் கேட்கவில்லை. அவன் அவளுடைய தோளில் கை வைக்கப் போய், வைக்காமல் எடுத்தது மட்டும் தெரிந்தது.

உள்ளே வந்தபோது அவள் கோட்டைக் கழற்றாமல் குசினி நடுவில் நின்றாள்.

"அந்த மனுசன்ர பேரை நான் எழுதிக் குடுத்தனான் அப்பா. என்ர கையால. ஒரு வருசம்."

"ஓம்."

"ஓம் எண்டு சொல்லாதேங்கோ! டொக்டரிட்ட ஏன் சொல்லேல்லை? எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நான் இழுத்ததாலதான் செத்தவவோ எண்டு பயம்." அவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். "உப்புப் போடச் சொல்லி அவ முதல்நாள் கேட்டவ. நான் போடேல்லை. பிறகு இழுத்துமிருக்கிறன். எதாலதான் செத்தவ எண்டு எனக்கு இப்பவும் தெரியாது, நிறோ. நீ டொக்டரிட்டக் கேள். நான் கேக்க மாட்டன்."

அவளுடைய புருவம் சுருங்கியது. ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. சின்ன வயதில் இருந்தே அப்படித்தான் பார்ப்பாள்.

"அறிவில்லாமல் கிடந்தவ எண்டு சொன்னீங்கள்."

"ஓம்."

"அதுவும் பொய்யோ?"

"பொய்."

"நீங்கள் இழுக்கேக்குள்ள அம்மா முழிச்சுக்கொண்டு இருந்தவ."

"ஓம் பிள்ளை."

அவள் நாற்காலியை இழுத்து மெல்ல இருந்தாள். குரல் மாறிவிட்டது. "கதைச்சவவோ?"

ஒரு வருடமாக அந்த வசனத்தை அவர் யாருக்கும் கொடுக்க முடியாமல் வைத்திருந்தார். அதைக் கொடுத்தால் முழங்காலில் நகர்ந்த அந்த நாலு எட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதனால் தாயின் கடைசிச் சொல்லைப் பிள்ளையிடம் இருந்து மறைத்து வைத்தார். ஜோன்சனுக்குச் செய்தது பாவம். இது அதைவிடப் பெரிது என்பது, அவள் அப்படி அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் அவருக்கு விளங்கியது.

"கதைச்சவ" என்றார். "மெல்ல இழுங்கோ, நீங்களும் விழுந்து கிழுந்து போடாதேங்கோ, நிறோ தனிய என்ன செய்வாள் எண்டு சொன்னவ."

"என்ர பேரைச் சொன்னவவோ? இல்லாட்டில் பிள்ளை எண்டோ?"

"பேரைத்தான். நிறோ எண்டு."

நிறோஷினி இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அழவில்லை. மன்னித்துவிட்டாள் என்று நினைக்கவும் அந்த முகத்தில் ஒன்றுமில்லை. வெளியே ஹன்னெயின் வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

"திரும்பச் சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னார்.

"அப்பிடியில்லை. அம்மா சொன்ன மாதிரி. எந்த இடத்தில மூச்சு விட்டவ, எந்த இடத்தில நிப்பாட்டினவ, எல்லாம்."

ஸ்ரனிஸ்லாஸ் அவளுக்கு எதிரே இருந்தார். முழங்கால்களில் அந்தக் காலையின் குளிர் ஏறியது. கண்ணை மூடி, செலீனா நிறுத்திய இடத்தில் நிறுத்தி, மூச்சு இழுத்த இடத்தில் இழுத்து, தொடக்கத்தில் இருந்து மெல்லச் சொல்லத் தொடங்கினார்.